சிவப்பு மூடி டியூப்

கள்ளக்குறிச்சி
11.1.2025

மலைக்கடை முதலாளி ஷேக் மைதீன் மாமாவுக்கு,

ஸலாம். உங்கள் அக்கா அத்தியாவின் ஒரே தலைவலி சப்ரின் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். என் சுகத்தை மட்டும் அம்மாவிடம் கேட்காதீர்கள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இவ்வளவு சுகமாக இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

அரையாண்டுக் கணக்குத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அத்தா தண்டனை கொடுத்திருக்கிறார். இனி வாராவாரம் நம் கடையில் உட்கார்ந்து, நீங்கள் அனுப்பும் சரக்குச் சீட்டைப் பார்த்து மலைக்கு மூட்டை கட்டுவது நான்தான். சீட்டும் கடிதமும் பச்சமுத்து அண்ணன் ஜீப்பில் ஏறும். பதில் காலிச் சாக்குகளோடு இறங்கும். டவர் இல்லாத ஊரில் கடை வைத்திருப்பது உங்களுக்கு எவ்வளவு வசதி, எங்களுக்கு எவ்வளவு கைவலி.

இரண்டு சந்தேகம். ஒன்று, டிசம்பரில் சிவப்பு மூடி அரிப்பு டியூப் இரண்டு டஜன். இந்த மாதமும் இரண்டு டஜன். உங்கள் மலையில் இருப்பதே நாற்பது வீடு. அங்கே படை வந்திருக்கிறதா, படையெடுப்பே வந்திருக்கிறதா? இரண்டு, அரைக்கைச் சட்டை தவிர வேறு போட்டறியாத ஆள் நாலு முழுக்கைச் சட்டை கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளையாகப் போகிறீர்களா?

சர்க்கரை மூட்டையில் ஒரு ரப்பர் பல்லி இருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. தானாக ஏறியது.

துஆ செய்யுங்கள், முக்கியமாகக் கணக்குக்கு.
சப்ரின்


மலைக்கடை, வெள்ளிமலை வழி
19.1.2025

அன்புள்ள சப்ரினுக்கு,

உனக்கும் ஸலாம். அல்லாஹ் உதவியால் சுகமாக இருக்கிறேன். அக்காவின் முட்டிவலி தேவலையா?

பல்லி வந்து சேர்ந்தது. கடையில் எனக்குக் கூடமாட நிற்கும் சாலம்மாள்தான் மூட்டையைப் பிரித்தாள். துடைப்பத்தால் ஆறு அடி. "இன்னா பாய் இது, செத்தும் வால ஆட்டுது" என்றாள். ஒரு கிலோ சர்க்கரை மண்ணோடு போயிற்று.

உன் சந்தேகங்களுக்கு: மலையில் குளிர் ஜாஸ்தி, அதனால் முழுக்கை. படை, சொறி, கரப்பான் எதுவானாலும் இங்கே டாக்டர் நான்தான், அதனால் டியூப். அரிப்பு என்று வந்தவர்கள் ஒரு டியூப்பில் சிரித்துக்கொண்டு போகிறார்கள். நீ கணக்கைப் படி, என் கணக்கைப் பார்க்காதே.

கடுக்காய் மூன்று மூட்டை இறக்கியிருக்கிறேன்.

உன் மாமா
ஷேக் மைதீன்


கள்ளக்குறிச்சி
8.2.2025

மாமாவுக்கு,

ஸலாம். இங்கே சுகம் என்று எழுதத்தான் வந்தேன். அம்மா அழுதுகொண்டிருப்பதால் அப்படி எழுத முடியவில்லை.

பச்சமுத்து அண்ணன் மூட்டை ஏற்றும்போது, யாரும் கேட்காமலே சொன்னார்: "பாயிக்கு ஒடம்புல தேமல் மாரி எத்தினியோ கீதுமா. ஊர்ல குஷ்டம்னு பேசிக்கினு கீறாங்க. ரெண்டு வூட்ல சரக்கு வாங்கறதில்ல." அம்மா அரிசியை அளந்துகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை நாளாக? எங்கெல்லாம்? டியூப் நாற்பது வீட்டுக்கா, ஒரே ஆளுக்கா? இந்த மூன்றுக்கும் விடை எழுதுங்கள். கடையைப் பற்றி எழுதினால் செல்லாது.

நீங்கள் எழுதாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாக நான் வருவேன். சொன்னால் செய்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். பல்லிக்கும் தெரியும்.

சப்ரின்


மலைக்கடை
2.3.2025

அன்புள்ள சப்ரினுக்கு,

ஸலாம். இன்று முதல் நோன்பு. ஸஹருக்கு எழுந்தாயா, அக்கா உலுக்கித்தான் எழுப்பினாளா? மூன்று ஜீப் வெறும் சாக்கோடு வந்ததற்கு மன்னித்துக்கொள். புளி வரத்து அதிகம்.

போன வாரம் தொழுநோய்ப் பிரிவிலிருந்து ஓர் அம்மா ஊருக்கு வந்தார். யாரோ என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். கடை வாசலில், எல்லோரும் பார்க்க, கண்ணை மூடச் சொல்லி மயிலிறகால் ஒவ்வொரு தேமலாகத் தொட்டார். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னேன். "உணர்ச்சி நல்லா கீது, இது குஷ்டம் கெடையாது" என்று கூட்டத்தின் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். ஆக, விஷயம் முடிந்தது. அக்காவை அழவேண்டாம் என்று சொல்.

பெருநாளைக்கு வருகிறேன்.

உன் மாமா


கள்ளக்குறிச்சி
19.4.2025

மாமாவுக்கு,

ஸலாம். நீங்கள் மலையேறி இரண்டு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சதை எடுத்த இடத்தில் தையல் ஆறிவிட்டதா?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பெருநாளன்று ரோஸ் மில்க்கை உங்கள் கைமேல் கொட்டியது கைத்தவறுதல் அல்ல. இரண்டு நாள் தண்ணீரை வைத்து ஒத்திகை பார்த்தேன். சட்டைக் கையை மடிக்காமல் உங்களால் கழுவ முடியாதே. மடித்தீர்கள், அம்மா பார்த்தார், அதற்குப் பிறகு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எனக்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

மயிலிறகு அம்மா "தோல் டாக்டரைக் கண்டிப்பாகப் பாருங்க" என்றும் சொன்னாராமே. பச்சமுத்து அண்ணன் அதையும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். உங்கள் கடிதத்தில் அந்த வரி வழியில் விழுந்துவிட்டதோ?

இப்போது ரிசல்ட். சதையைச் சோதித்ததில் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லையாம். தோல் டாக்டர் ராதிகா என்னையும் அம்மாவையும் உட்காரவைத்து ஒரு படப் புத்தகத்தைக் காட்டினார். எல்லாம் ஒரே நோயாம். ஆனால் ஒரு படத்தில் வெள்ளைத் தேமல். ஒன்றில் படர்தாமரை மாதிரி வட்டம். ஒன்றில் கரப்பான் மாதிரி செதில். ஒன்றில் தோல் சுருங்கி, கசக்கிய மெல்லிய காகிதம் மாதிரி. ஒன்றில் தடித்து மேடாக. ஒருவருக்கு உடம்பு முழுக்கச் சிவப்பு. "அதுக்குத்தான் வருஷக்கணக்கா யாருக்கும் சிக்காது. எல்லாரும் வேற எதுவோன்னு நெனச்சிக்கினு மருந்து போடுவாங்க" என்றார். வெயில் படாத இடமாகப் பார்த்து உட்காருமாம்: இடுப்பு, தொடை, அக்குள், கையின் உள்பக்கம். அது என்ன நோய் என்று கேட்டேன். "மொதல்ல பிடிப்போம், அப்புறம் பேர் சொல்றேன்" என்றார். என்னைவிடப் பெரிய வேஷக்காரனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு கேட்டார்: "நெஜமாவே ஒரு மாசமா அவர் எதுவும் பூசலையா? களிம்பு பூசினா தோல் நல்ல புள்ளையாட்டம் நடிக்கும். வெட்டிப் பார்த்தாலும் ஆள் மாட்டாது." நீங்கள் அவரிடம் "இல்லீங்க" என்று சொன்னபோது உங்கள் பைக்குள் சிவப்பு மூடி என்னைப் பார்த்துச் சிரித்தது. பெரியவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அன்று சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நல்ல பிள்ளையாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அதுவும் தப்பான நாள்.

இந்த முறை உண்மையைச் சொல்லிவிட்டேன். நாலு வாரம் எதுவும் பூசாமல் மறுபடி வரச் சொல்கிறார். அரிப்புக்கு வெறும் வாசலின் போதுமாம். இந்த வாரத்திலிருந்து சரக்கில் டியூப் ஏறாது. அம்மா உத்தரவு.

சப்ரின்


மலைக்கடை
27.4.2025

அன்புள்ள சப்ரினுக்கு,

ஸலாம். தையல் ஆறிவிட்டது.

மயிலிறகுக்கும் அகப்படவில்லை, கத்திக்கும் அகப்படவில்லை. அப்படியானால் நோய் இல்லை. படித்த பிள்ளை நீ, இது தெரியாதா? ஐம்பத்திரண்டு வயதில் தோலில் நாலு தேமல் வருவது நடப்புதான். இன்னொரு முறை கீழே வர எனக்கு நேரமில்லை. தேன் எடுக்கிற பருவம் இது. நான் கடையைச் சாத்தினால் இந்த நாற்பது வீடும் உப்புக்கு மலையிறங்க வேண்டும்.

டியூப் ஏறாது என்று எழுதியிருந்தாய். சரி. என்னிடம் சட்டம் பேச அக்கா ஒருத்தி போதாதென்று நீயும் சேர்ந்துவிட்டாய்.

அத்தாவுக்கு ஸலாம் சொல்.

ஷேக் மைதீன்


கள்ளக்குறிச்சி
3.5.2025

மாமாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இனி உங்கள் உடம்பைப் பற்றி எழுதமாட்டேன்.

இந்த முறை சீட்டில் இருந்த எல்லாம் சரியாக ஏற்றியிருக்கிறேன். சீட்டில் எழுதாமல், நீங்கள் பச்சமுத்து அண்ணனிடம் ரகசியமாகச் சங்கராபுரம் மெடிக்கலில் வாங்கிவரச் சொன்ன ஆறு டியூப் பொட்டலமும் பத்திரமாக வருகிறது. அவர் ஜீப்பில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். கீழே விழுந்துவிடக்கூடாதே என்று நான்தான் எடுத்து வைத்திருந்து கொடுத்தேன்.

வெயில் கொளுத்துகிறது. மோர் குடியுங்கள்.

உங்கள் அடக்கமான மருமகள்
சப்ரின்


மலைக்கடை
25.5.2025

அன்புள்ள சப்ரினுக்கு,

ஸலாம். அக்காவுக்கும் சொல்.

நீ அடக்கமாக எழுதியிருந்ததைப் படித்து எனக்குக் காய்ச்சலே வரப்பார்த்தது.

நீ கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன். அரிப்பு தாங்கவில்லை. பழைய இடமெல்லாம் சிவந்து எழும்பியிருக்கிறது. இடுப்பில் இரண்டு இடம் தடித்துவிட்டது. விலாவில் இருப்பது வெள்ளை, தொடையில் இருப்பது வட்டம், முழங்கைக்குக் கீழே இருப்பது செதில். டாக்டரம்மாவின் படப் புத்தகத்தை நானே சுமந்துகொண்டு திரிகிறேன் போலிருக்கிறது. நீங்கள் சொன்னபடி எந்தக் களிம்பும் பூசவில்லை.

நேற்று ஒருத்தர் கடை வாசலில் நின்றுகொண்டு, சாமானைக் கீழே வை, எடுத்துக்கொள்கிறேன் என்றார். வைத்தேன்.

பக்ரீத் முடிந்ததும் வருகிறேன். வெட்டிப் பார்க்கட்டும்.

உன் மாமா


கள்ளக்குறிச்சி
28.6.2025

மாமாவுக்கு,

ஸலாம். இதை உட்கார்ந்து படியுங்கள். சாலம்மாள் அக்கா பக்கத்தில் இருந்தால் நல்லது. துடைப்பம் இல்லாமல்.

முதலில் என் வாக்குமூலம். சங்கராபுரம் பொட்டலத்தில் இருந்த ஆறு டியூப்பின் அடிமடிப்பையும் பிரித்தேன், உள்ளே இருந்ததைப் பிதுக்கி எறிந்தேன், வாசலின் அடைத்து மறுபடி மடித்தேன். நீங்கள் "எந்தக் களிம்பும் பூசவில்லை" என்று பொய் எழுதியபோது, பொய்யை உண்மையாக்கியவள் நான். இதை டாக்டர் ராதிகாவிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். "மருந்து டியூப்ல வேற எதையோ அடைக்கிறது வெளையாட்டு இல்ல. வேற யாராவது எடுத்துப் பூசியிருந்தா?" என்று கேட்டார். நீங்கள் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வருத்தப்படுகிறேன் என்று எழுதமாட்டேன். ஏனென்றால் இந்த முறை ஆள் மாட்டிவிட்டான்.

மூன்று இடத்தில் எடுத்த சதையிலும் ஒரே பதில். பெயர் தெரிந்துவிட்டது. அம்மாவும் அத்தாவும் நேற்று உட்கார்ந்து, உங்களிடம் "பெரிய படை" என்று மட்டும் சொல்வது என்று முடிவுசெய்தார்கள். "அந்த வார்த்தைய அவன்கிட்ட சொல்லாதடி, மனசு வுட்டுடுவான்" என்கிறார் அம்மா. அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். உங்களை ஒரு தடவை ஏமாற்றியாயிற்று. உங்கள் உடம்பில் இருப்பதன் பெயர் பச்சமுத்து அண்ணனுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

தோலில் வரும் டி-செல் லிம்போமா. புற்றுநோய் வகைதான். உங்களுக்கு இருக்கிற ரகத்துக்கு மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று பெயர். பழைய காலத்து டாக்டர்கள் காளான் மாதிரி இருக்கிறதென்று வைத்த பெயராம். பெயரில்தான் காளான், உடம்பில் காளானே கிடையாது. பெயரிலேயே வேஷம். டி-செல் என்பது ரத்தத்தில் காவல் பார்க்கிற அணு. அதில் சிலது காவலை விட்டுவிட்டு, தோலில் வந்து குடியேறிப் பெருகிவிட்டது. யாருக்கும் ஒட்டாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும்.

இது ஆரம்பக் கட்டம். தோலைத் தாண்டிப் போகவில்லை, ரத்தமும் நன்றாக இருக்கிறது. "முழுசா போயிடும்னு சத்தியம் பண்ணமாட்டேன். அடக்கி வைக்கலாம். இந்தக் கட்டத்துல கீற நெறய பேர் அவங்க வயசு முழுக்க வாழ்ந்துட்டுதான் போறாங்க" என்றார். வைத்தியம் என்ன தெரியுமா? வெளிச்சம். பீரோ மாதிரி ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் குழல்விளக்கு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சில நிமிஷம் நிற்க வேண்டும். வாரம் மூன்று நாள், சில மாதம். கூடவே ஒரு களிம்பு. அது சிவப்பு மூடிக்கு அண்ணன் முறை, அதே குடும்பம். என்னவென்று தெரிந்து, பார்த்துப் பார்த்துப் பூசினால் மருந்து. தெரியாமல் பூசினால் திரை.

உங்களை அழவைக்க எழுதவில்லை. சண்டைக்குக் கூப்பிடுகிறேன். தோல் வியாதிக்குத் தோல்வி கொடுக்க வேண்டாமா? இதைவிட மட்டமான சிலேடை என்னிடம் நிறைய இருக்கிறது. நீங்கள் வரும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

சப்ரின்


கள்ளக்குறிச்சி
19.7.2025

மாமா,

ஸலாம். மூன்று ஜீப் வந்துவிட்டது. மூன்று முறையும் காலிச் சாக்கை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். கடுக்காய்த் தூசிதான் விழுந்தது. பச்சமுத்து அண்ணன் வாயே திறக்கமாட்டேன் என்கிறார். கேட்டால், "பாய் சொல்லக்கூடாதுன்னுட்டாரு" என்கிறார்.

நான் எழுதியிருக்கக்கூடாதோ? அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

சிலேடை எதுவும் வரவில்லை.

சப்ரின்


மலைக்கடை
27.7.2025

என் சப்ரினுக்கு,

உன்மேல் அமைதி உண்டாகட்டும். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை அதை எழுதும்போது கை இடறவில்லை.

உன் கடிதத்தைப் படித்து நாலு நாள் கடை திறக்கவில்லை. பிறகு திறந்தேன். நடுவில் நடந்ததை எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

முதலில் டியூப் கதை. இந்தக் களிம்பை நான் பன்னிரண்டு வருஷமாக விற்கிறேன். அதன் வாசனை எனக்குத் தெரியாதா? மூடியைத் திறந்த அன்றே தெரிந்துவிட்டது. கம்பெனி மடிப்பில் தேதி அச்சடித்திருக்கும். நீ மடித்ததில் குறடு கடித்த தடம் இருந்தது. ஆறு டியூப்பையும் எடுத்துக்கொண்டு போய் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன், வேறு யாருக்கும் போகக்கூடாதென்று. டாக்டரம்மாவிடம் இதைச் சொல். சங்கராபுரத்துக்கு இன்னொரு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. தினமும் அந்த வாசலினை எடுத்துப் பூசினேன். நீங்களெல்லாம் சொல்லிக் கேட்டேன் என்று இருக்கக்கூடாது என்கிற வீம்பு எனக்கு. ஏமாந்துவிட்டேன் என்றால் பரவாயில்லை. நீ எனக்கு அந்த வழியைத் திறந்துவிட்டாய், நான் நுழைந்துகொண்டேன். மே மாதம் எழுதியது பொய்யில்லை.

ஏன் இத்தனை நாள் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. எனக்கு முன்னால் இந்தக் கடையை வைத்திருந்தவர் ஆதிமூலம். அவர் கையில் வெள்ளையாக ஏதோ வந்தது. என்னவென்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. அவர் அளந்த அரிசியை வாங்க ஆளில்லை. ஆறே மாதம். கடைசியில் மீந்த சரக்கை மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றியது நான். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே அவர் கடையை நான் எடுத்தேன். அன்றிலிருந்து என் தோலில் ஒரு புள்ளி வந்தாலும் அந்தப் பெஞ்சுதான் கண்ணில் தெரியும். முழுக்கைச் சட்டை குளிருக்கு இல்லை.

போன வெள்ளிக்கிழமை பனியனோடு கடை திறந்தேன். இரண்டு கையும் எல்லோருக்கும் தெரிய. வந்தவர்கள் எட்டி நின்றார்கள். ஒருத்தர் சாலம்மாளைப் பார்த்து, நீ அள என்றார். அவள் தராசைத் தொடவில்லை. "பாய் கையால வாங்கித்தான இத்தினி வருசம் தின்ன? இப்ப மட்டும் இன்னா? வேணும்னா வாங்கு. வேணாட்டி வெள்ளிமலைக்கு நடந்து போய் வாங்கிக்க" என்றாள். எனக்கு என்ன வியாதி என்று நானே சொன்னேன். நீ எழுதிய பெயரை அப்படியே, காளானோடு. ஒட்டாது என்றும் சொன்னேன். அந்த ஆள் பையை உதறி விரித்தார். பிறகு வந்து என் கையில் இருந்தே வாங்கினார். பின்னால் நின்ற இரண்டு பேர் வாங்காமல் போனார்கள். போகட்டும். அவர்களுக்கும் உப்பு தீரும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்குகிறேன். வெளிச்சப் பெட்டி முடியும்வரை உங்கள் வீட்டில்தான். கடைச் சாவி சாலம்மாளிடம். அக்காவிடம் நீயே சொல். அந்த வார்த்தையைச் சொல்லியே சொல். மனசு விடவில்லை என்றும் சொல்.

நான் கீழே இருக்கும்போது மலைக்கு ஏற்றவேண்டிய சரக்கும், எனக்கு வேண்டியதும்:

அரிசி – 4 மூட்டை
உப்பு – 2 மூட்டை
சர்க்கரை – 1 மூட்டை, சோதித்து ஏற்றவும்
சிவப்பு மூடி டியூப் – இனி இந்தக் கடையில் கிடையாது
ரப்பர் பல்லி – 1, சாலம்மாள் கேட்கிறாள், பச்சமுத்துவுக்காம்
முழுக்கைச் சட்டை – வேண்டாம்
அரைக்கைச் சட்டை – 6, பளிச்சென்ற நிறம். கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

உன் மாமா
ஷேக் மைதீன்